கடைசிப் பெயர் இல்லாத ஆக்கள்

"ஆர்ட்ஸ் படிக்கிற உங்களுக்கு பிரேம்வேர்க் என்னத்துக்கு?" இந்தக் கேள்வியை எங்களிட்ட கேட்கிறவங்களில் கணினி படிக்கிற கூட்டாளிமாரும் இருக்காங்க, வீட்டில வாப்பாமாரும் இருக்காங்க. மரியாதையாச் சொல்லிப் பார்த்தம், விளங்கல்ல. இனிச் சண்டையாவே எழுதுறம்.

2024 நவம்பர் மழையில் எங்கட கரையோரம் தண்ணிக்குள்ள கிடந்தபோது, நிவாரணப் பட்டியல் எடுக்க நாங்களே ஒரு சின்ன வெப் அப் செய்தோம். இரண்டு ராத்திரி வேலை. பிஎச்பியில் ஒரே ஃபைல். மேலே டேட்டாபேஸ் இணைப்பு, நடுவில் சோதனைகள், கீழே படிவம். இணையத்தில் கிடந்த ஒரு மாதிரிப் படிவத்தை அப்படியே எடுத்துப் போட்டதால் 'முதல் பெயர்', 'கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டம். இரண்டும் கட்டாயம். எங்கட ஆக்களுக்கு ஏது கடைசிப் பெயர்? வாப்பாட பெயர் முன்னெழுத்தா முன்னுக்கு நிற்கும், மறுகா சொந்தப் பெயர், அவ்வளவுதான். பதியப் போன பிள்ளைகளில் ஒருத்தர் அந்தக் கட்டத்தில் வாப்பாட பெயரைப் போட்டார், ஒருத்தர் மாப்பிள்ளைட பெயரைப் போட்டார், இன்னொருத்தர் வெறும் புள்ளியை வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். இரட்டைப் பதிவுகளை நீக்க இருந்தபோது 'சித்தி பாத்திமா, புள்ளி' என்று இரண்டு வந்தது. ஒன்றை அழித்தோம். அழிபட்டது வேற ஒரு வீடு. உலர் உணவுப் பொதி அந்த வீட்டுக்குப் போகல்ல.

பிழை எங்கட. ஒரு கிழமைக்குள்ள அதை விளங்கித் திருத்தவும் பார்த்தோம். 'கடைசிப் பெயர் கட்டாயம்' என்ற விதி அந்த ஃபைலில் மூன்று இடத்தில் எழுதிக் கிடந்தது. படிவத்தில் ஒன்று, சேமிக்கிற இடத்தில் ஒன்று, திருத்துகிற இடத்தில் ஒன்று. முதலாவதை மாற்றினோம், மற்ற இரண்டும் பழையபடி மறுத்துக்கொண்டே இருந்தது. அப்பதான் எங்களுக்கு, பிரேம்வேர்க் என்கிற சாமான் எதுக்கு என்று உறைத்தது.

கந்தூரிக்குச் சமைக்கிற இடத்தை நினைச்சுப் பாருங்க. வாசலில் நிற்கிறவர் வந்தவரை எங்க இருத்துவது என்று பார்ப்பார். களஞ்சியத்துக்குப் பொறுப்பானவருக்குத்தான் எத்தனை மூடை அரிசி இருக்கு என்று தெரியும். சஹன் வைக்கிறவர் சோற்றை அழகா வைப்பார், அரிசிக் கணக்கில் கை போடமாட்டார். வெப் பிரேம்வேர்க்கும் இந்த ஒழுங்குதான். வருகிற கோரிக்கையை வாங்கி உரிய இடத்துக்கு அனுப்புவது கண்ட்ரோலர், தரவையும் அதன் விதிகளையும் வைத்திருப்பது மொடல், கண்ணுக்குக் காட்டுவது வியூ. எங்கட ஒரே ஃபைலில் சமையல்காரரே வாசலிலும் நின்று அரிசியும் அளந்தார். கருகாமல் என்ன செய்யும்?

இதைப் படிக்க நாங்க அமெரிக்கா வரை போகத் தேவை இருக்கல்ல. 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த கடல் இந்த நாட்டில் ஆகக் கூடுதலான உயிர்களைக் கொண்டுபோனது எங்கட அம்பாறை மாவட்டத்தில். அடுத்த நாட்களிலேயே இலங்கையின் மென்பொருள் தொண்டர்கள் சேர்ந்து எழுதத் தொடங்கியதுதான் சஹன. (எங்கட சோற்றுச் சஹன் இல்ல. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்.) காணாமற்போனவர்கள், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பதிவேடு. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2006 பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அதைப் பயன்படுத்தினார்கள். சமூகப் பயனுக்காக கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை கொடுக்கிற 2006ஆம் ஆண்டு விருதும் அதுக்குத்தான். எங்கட மையவாடிகள் நிறைஞ்ச காலத்தில் பிறந்த ஒரு மென்பொருளின் பெயரை எங்கட வகுப்புகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்காங்க?

முதல் சஹன பிஎச்பியில் இருந்தது. பிறகு ஈடன் என்ற பெயரில் பைதனில், வெப்டுபை என்ற பிரேம்வேர்க்கின் மேல் எழுதினார்கள். அதன் கோட் திறந்தே கிடக்கு, நாங்களும் திறந்து பார்த்தோம். முகவரியே ஒழுங்கைச் சொல்லும்: முதல் அப்ளிகேஷன், அடுத்தது கண்ட்ரோலர், அடுத்தது ஃபங்ஷன். முகாம் பட்டியல் வேண்டுமென்றால் 'ஈடன், சிஆர், ஷெல்டர்'. அந்த ஷெல்டருக்கான ஃபங்ஷனின் வேலை பெரும்பாலும் ஒரு பொதுவான ஃபங்ஷனைக் கூப்பிடுவது. பட்டியல் காட்டுவது, சேர்ப்பது, திருத்துவது, எக்செலாகவோ பிடிஎஃப்பாகவோ இறக்குவது எல்லாம் அந்தப் பொது இடத்தில் ஒரே தரம் எழுதியிருக்கு. திரையில் தெரிகிற சொற்கள் மொழிபெயர்ப்புக்காகக் குறி போட்டு நிற்கும், ஒவ்வொரு மொழிக்கும் தனி ஃபைல். தமிழை வேலை முடிந்த பிறகு ஒட்டுகிற ஸ்டிக்கராகப் பார்க்கிறவங்க இந்த ஃபோல்டரை ஒருக்காத் திறந்து பார்க்க வேணும்.

எங்களை நிறுத்தி வைத்தது வேற ஒன்று. ஈடனிலும் ஆள் பதிவில் முதல், நடு, கடைசி என்று பெயர்க் கட்டங்கள்தான். ஆனா கடைசிப் பெயர் கட்டாயமா, பெயரை எந்த ஒழுங்கில் காட்டுவது என்பதெல்லாம் அமைப்புகளில், ஒரே இடத்தில். ஊர் மாறினால் அதை மாற்றலாம். நாங்க மூன்று இடத்தில் தேடித் தடுமாறினது அங்க ஒரு வரி.

இந்த இடத்தில்தான் ஆர்ட்ஸ்காரருக்கு வேலை இருக்கு. பிரேம்வேர்க்குகளும் பிறந்த வீட்டுப் பழக்கத்தோடதான் வரும். ஜாங்கோ கன்சாஸ் மாநிலத்தில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பிறந்து 2005இல் வெளியே வந்தது, அதன் ஆயத்த பயனர் அட்டவணையில் இன்றைக்கும் முதல் பெயரும் கடைசிப் பெயரும் இருக்கு. அது சதியில்ல, அந்த ஊர்ப் பழக்கம். எங்கட பழக்கம் என்ன, முன்னெழுத்து ஏன் முன்னுக்கு நிற்குது, லெவ்வையும் மரைக்காரும் பெயரா பட்டமா, கல்யாணம் முடித்த பிள்ளைட முன்னெழுத்து ஏன் மாறுவதில்ல என்பதைச் சொல்லக்கூடியவர் சமூகவியலும் மொழியும் படிக்கிறவர். அவர் மொடலைத் திறந்து பார்க்கத் தெரியாமல் வெளியே நிற்கிறார். மொடல் எழுதுகிறவர் இதையெல்லாம் கேட்காமல் உள்ளே இருக்கிறார்.

"சின்ன ஊருக்கு கூகுள் ஃபோம் போதும்" என்பவருக்கு: ஒரு நாளைக்குப் போதும், நாங்களும் ஒத்துக்கொள்றம். அடுத்த வெள்ளத்தில் அதே குடும்பங்களைத் திரும்பத் தேடும்போது போதாது. "பிரேம்வேர்க் படிக்க நேரம் போகும்" என்பவருக்கு: போகும்தான். வெப்டுபையில் மொடல் ஃபைல்கள் எழுத்து வரிசைப்படி ஓடும் என்று தெரியாமல் எங்கட ஒரு பின்னேரம் போனது. ஈடனில் ஃபைல்களின் பெயர் பூச்சியத்தில் தொடங்குவதன் காரணம் அப்பதான் பிடிபட்டது. அந்த முறையால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் எல்லா அட்டவணையையும் ஏற்றித் தாமதமாகுது என்று ஈடன்காரரே பிறகு அட்டவணைகளை மொட்யூல்களுக்கு மாற்றி, தேவைப்படும்போது மட்டும் ஏற்றினார்கள். அவங்களும் பிழை விட்டுத்தான் திருத்தியிருக்காங்க. ஆனா ஒழுங்கா அடுக்கின வீடு என்பதால் ஒரு அறையை மாற்ற முழு வீட்டையும் இடிக்க வேண்டி வரல்ல.

நாங்க எங்கட பட்டியலைத் திரும்ப எழுதுறம். இந்தத் தரம் பெயர் ஒரே கட்டம், அடையாள அட்டை இலக்கம் தனி, குடும்பம் தனி அட்டவணை. முன்னெழுத்தைத் தனிக் கட்டமா வைப்பதா பெயரோடயே விடுவதா என்று எங்களுக்குள்ள இன்னும் சண்டை. சித்தி பாத்திமா ராத்தாட்ட போய்க் கேட்டோம். "என்ட பெயரை முழுசா எழுதுங்க தம்பி" என்றார், "மிச்சத்தை நீங்க பார்த்துக்கொள்ளுங்க."