ஜெபித்தோம், காவலும் வைத்தோமா?



கடந்த நவம்பரில் ஒரு சனிக்கிழமை, ஜனவரி நீண்ட விடுமுறையில் நடக்கவிருக்கும் வாலிபர் முகாமுக்கு இடம் பார்க்க நாங்கள் நான்கு பேர் போயிருந்தோம். மெல்பர்னுக்கு வடகிழக்கே மலைப்பக்கம் உள்ள ஒரு சிற்றூர். உயர்ந்த யூகலிப்டஸ் மரங்கள், பக்கத்தில் ஓடை, பெரிய சமையலறை, 60 பேர் படுக்க வசதி. இடம் எங்கள் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்ட பொறுப்பாளர் அம்மா, “பிற்பகல் தீயணைப்பு நிலையத்தில் கூட்டம் இருக்கிறது. கோடையில் இங்கே தங்க வருகிறவர்களும் கேட்பது நல்லது” என்றார். மரியாதைக்காகப் போய் உட்கார்ந்தோம்.

நிலையம் என்றால் ஒரு தகரக் கொட்டகை, இரண்டு சிவப்பு வண்டிகள். வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு அந்த இடத்தில் மடக்கு நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். பேசியவர் சம்பளம் வாங்கும் அதிகாரி அல்ல. அதே ஊரில் குழாய் வேலை செய்கிறவர். கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது எங்களிடம் வந்து மூன்று கேள்விகள் கேட்டார். “முகாமில் எத்தனை பேர்? தீ வருகிறது என்றால் எந்த நேரத்தில், எந்த வழியாகப் புறப்படுவீர்கள்? அந்த நேரத்தில் உங்கள் வண்டிகள் எங்கே நிற்கும்?”

முதல் கேள்விக்கு மட்டும்தான் எங்களிடம் பதில் இருந்தது. மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் திட்டப்படி சனிக்கிழமை பகலில் இரண்டு வேன்களும் சாப்பாடு எடுத்துவர நகரத்துக்குப் போயிருக்கும். அதாவது, நாளின் மிகச் சூடான நேரத்தில், வெளியே போக ஒரே ஒரு சாலை உள்ள இடத்தில், 18 சிறுபிள்ளைகளோடு நாம் வண்டி இல்லாமல் இருந்திருப்போம். முகாமுக்காக மூன்று வாரம் உபவாச ஜெபம் வைத்திருந்தோம். இந்த ஒரு கேள்வியை நம்மில் ஒருவரும் கேட்கவில்லை.

அன்றுமுதல் எங்களுக்குள் இருக்கும் எண்ணத்தைச் சபையின் முன் வைக்கிறோம். கோடைக்கு ஆயத்தப்படுவது காட்டோரம் வாழ்கிறவர்களின் வேலை மட்டும் அல்ல. அது நம் சபையின் வேலையும் கூட. அதைச் செய்யாமல் ஜெபம் மட்டும் செய்வதை விசுவாசம் என்று அழைக்கக் கூடாது.

சி.எஃப்.ஏ. என்று எல்லோரும் சொல்லும் விக்டோரியாவின் நாட்டுப்புறத் தீயணைப்பு அமைப்பில் ஏறத்தாழ 1,200 ஊர்ப்படைகள் இருக்கின்றன. அவற்றில் பணி செய்கிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஊதியம் பெறாத தொண்டர்கள். 1939 ஜனவரி 13ஆம் தேதி உச்சத்தை எட்டிய தீயில் 71 பேர் இறந்தார்கள். அந்தத் துயரமும் 1944இல் வந்த தீக்களும்தான் 1945இல் இந்த அமைப்பு உருவாகக் காரணம். தீயை அணைப்பது அவர்கள் வேலையில் ஒரு பாதிதான். மறு பாதி, தீ வருமுன் நடக்கிறது. வசந்த காலத்தில் கூட்டம் போடுகிறார்கள். ஆபத்து அதிகமுள்ள ஊர்களில், கேட்டுக்கொண்டால் வீட்டுக்கே வந்து சுற்றிப் பார்த்து ஆலோசனை சொல்கிறார்கள். புல் எவ்வளவு காய்ந்திருக்கிறது, மழை எவ்வளவு பெய்தது என்று பார்த்து ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தீ அபாய காலம் எப்போது தொடங்கும் என்று அறிவிக்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் நாங்கள் கற்றது நிறைய. காட்டுத்தீ என்றால் மரத்திலிருந்து மரத்துக்கு ஊர்ந்து வரும் நெருப்பு என்று நினைத்திருந்தோம். உண்மையில் தீமுகம் வருவதற்கு வெகு முன்பே, காற்றில் பறந்துவரும் தணல்கள் வீட்டைப் பிடித்துக்கொள்கின்றன. கூரைத் தண்ணீர்த் தகழியில் கிடக்கும் காய்ந்த இலை, சுவரோடு அடுக்கிய விறகு, வாசலில் போட்ட கால்மிதி, இவை போதும். நெருப்பு மேட்டில் ஏறும்போது வேகம் கூடும். சரிவு 10 பாகை கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். நெருப்பு உடம்பைத் தொட வேண்டும் என்பதும் இல்லை; தூரத்திலிருந்து வீசும் அனல் மட்டுமே உயிரை எடுக்கும். அதனால்தான் நீண்ட கையுள்ள பருத்தி அல்லது கம்பளி உடுப்பு போடச் சொல்கிறார்கள். செயற்கை இழைத் துணி உருகித் தோலில் ஒட்டும்.

இன்னொன்றும் சொன்னார்கள். இங்கே கடுமையான நாட்களில் முதலில் வடக்கிலிருந்து வெப்பக்காற்று வீசும். தீ அதோடு தெற்கு நோக்கி நீளமாக ஓடும். பிறகு தென்மேற்கிலிருந்து குளிர்காற்று வரும். “அப்பாடா, குளிர்ந்தது” என்று நாம் பெருமூச்சு விடும் அந்த நேரம்தான் ஆபத்து. அதுவரை தீயின் பக்கவாட்டாக இருந்த நீண்ட ஓரம் முழுவதும் ஒரே நொடியில் தீமுகமாகத் திரும்பும். 1983இன் சாம்பல் புதனன்றும், 2009 பிப்ரவரி 7ஆம் தேதி கறுப்புச் சனிக்கிழமையன்றும் இதுவே நடந்தது. கறுப்புச் சனிக்கிழமையில் மெல்பர்னில் வெப்பம் 46.4 பாகை. மாநிலத்தில் 173 பேர் மாண்டார்கள். பின்னர் நடந்த அரச விசாரணையில் தெரியவந்தவற்றுள் ஒன்று, “என்ன ஆகிறது என்று பார்ப்போம்” என்று காத்திருந்தவர்கள் பலர் என்பது. பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் புறப்படுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான முடிவு.

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது, எங்கள் பெற்றோரிடமிருந்தும் சபை மூப்பர்களிடமிருந்தும் மூன்று பதில்கள் வந்தன. மூன்றும் அன்பில் சொன்னவைதான். ஆனாலும் பதில் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, “நாங்கள் பார்க்காத வெயிலா?” நாகர்கோவிலிலும் திருநெல்வேலியிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வளர்ந்தவர்களுக்கு வெயில் புதிதல்ல, உண்மை. ஆனால் அந்த மண்ணின் வெயில் வேறு, இந்த மண்ணின் தீ வேறு. யூகலிப்டஸ் இலையில் எண்ணெய் இருக்கிறது. அதன் உரிந்த பட்டை எரிந்துகொண்டே காற்றில் பல கிலோமீட்டர் பறக்கும். மேலும் நம்மில் பலர் இப்போது வீடு வாங்கியிருப்பது எங்கே? டார்னீட், மெல்டன், கிரேகிபர்ன், க்ளைட். கடைசித் தெருவுக்கு அப்பால் காய்ந்த புல்வெளி. திறந்த வெளியில் புல்தீ மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை ஓடக்கூடும். எந்த அண்ணனும் அந்த வேகத்தில் ஓட முடியாது.

இரண்டாவது, “முன்பணம் கட்டியாயிற்று.” இதற்கு எங்களிடம் ஒரு பதில்தான் உண்டு. முன்பணம் போனால் அடுத்த ஆண்டு உணவு விற்பனை வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, “கர்த்தர் காப்பார்.” இதுதான் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது. கர்த்தர் காப்பார் என்று நாங்களும் விசுவாசிக்கிறோம். ஆனால் நெகேமியா அலங்கம் கட்டிய நாட்களை நினைத்துப் பாருங்கள். சத்துருக்கள் எழும்பினபோது அவனும் ஜனங்களும் தேவனை நோக்கி ஜெபித்தார்கள். அதோடு இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். காவல் வைத்ததால் அவர்கள் ஜெபம் குறைந்துபோகவில்லை. யோசேப்பு பஞ்சத்தைக் குறித்துத் தேவன் காட்டியதை அறிந்தபின் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. ஏழு ஆண்டு தானியம் சேர்த்தான். எச்சரிப்பு கிடைப்பதே தேவ கிருபை. அதைக் கேட்டு நடப்பது கீழ்ப்படிதல்.

நம் மக்களுக்கு இது புரியாத காரியம் அல்ல. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. கடல் ஏறி வந்தபோது இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. நம் சபையிலேயே அந்த நாளில் உறவுகளை இழந்த குடும்பங்கள் உண்டு. “யாராவது அரைமணி நேரம் முன்னால் சொல்லியிருந்தால்” என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இங்கே நான்கு நாட்களுக்கு முன்பே சொல்கிறார்கள். கேட்க வேண்டியவர்கள் நாம்.

கேட்பதில் ஒரு தடை இருப்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். சாலையோரப் பலகையில் உள்ள சொற்கள் ஆங்கிலம். 2022 செப்டம்பர்முதல் நாடு முழுவதும் நான்கு நிலைகள்: மாடரேட் என்றால் திட்டமிட்டு ஆயத்தமாகு, ஹை என்றால் செயல்பட ஆயத்தமாக இரு, எக்ஸ்ட்ரீம் என்றால் உயிரையும் உடைமையையும் காக்க இப்போதே செயல்படு, கட்டஸ்ட்ராபிக் என்றால் உயிர் பிழைக்க அந்தப் பகுதியை விட்டுப் போ. நம் ஆச்சிமாருக்கும் அம்மாச்சிமாருக்கும் இதை யார் சொல்லிக் கொடுத்தோம்? அந்தக் கூட்டத்தில் எங்களிடம் பேசியவர், “உங்கள் மக்களை எப்படி எட்டுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை” என்று வருத்தத்தோடு சொன்னார். எங்களுக்கு வெட்கமாக இருந்தது. அவர்களுக்குத் தெரியாததில் குற்றமில்லை. இரண்டு மொழியும் தெரிந்த நாம் இத்தனை ஆண்டுகள் இடையில் நிற்கவில்லையே.

ஆகையால் சபைக் கமிட்டியிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறோம்.

முதலாவது, முகாமுக்கு ஓர் ஒழுங்கு. முகாம் வாரத்தின் புதன்கிழமை மாலை, அந்த வட்டாரத்துக்கான நான்கு நாள் முன்னறிவிப்பைப் பார்க்க வேண்டும். முகாம் நாட்களில் ஒன்றாவது எக்ஸ்ட்ரீம் அல்லது கட்டஸ்ட்ராபிக் என்று இருந்தால், முகாம் சபை மண்டபத்துக்கு மாறும். விவாதம் வேண்டாம், அன்றைக்கு யாருக்குத் தைரியம் அதிகம் என்று பார்க்கவும் வேண்டாம். முகாம் நடந்தால், வேன்கள் எப்போதும் முகாமிலேயே, எரிபொருள் நிரம்பி, வெளியே போகும் பக்கம் பார்த்து நிற்கும். சாப்பாடு அங்கேயே சமைக்கப்படும். மொத்தத் தீத்தடை நாளாக இருந்தால் தீமூட்டிப் பாடும் நிகழ்ச்சி கிடையாது. விறகும் கரியும் வைத்துத் திறந்தவெளியில் சமையலும் கிடையாது.

இரண்டாவது, ஒவ்வொரு ஆண்டும் அக்டோபரில் ஒரு ஞாயிறு, ஆராதனைக்குப் பிறகு அரைமணி நேரம். வாலிபர்கள் தமிழில் விளக்குவோம். ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதிப் போகட்டும்: எந்த நிலை வந்தால் புறப்படுவோம், எந்த வழி, யார் வீட்டுக்கு, பக்கத்தில் தனியாக இருக்கும் யாரைக் கூட்டிக்கொண்டு போவோம். விக்எமர்ஜென்சி செயலியை எல்லார் கைப்பேசியிலும் நாங்களே போட்டுத் தருவோம். ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் 131 450 என்ற மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, தமிழ் என்று சொல்லி, 1800 226 226 என்ற அவசரத் தகவல் எண்ணோடு இணைக்கும்படி கேட்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 000. கைப்பேசிக் கோபுரமே எரிந்துபோகலாம் என்பதால் பேட்டரி வானொலி ஒன்றும் வீட்டில் இருக்கட்டும்.

மூன்றாவது, நம் பிள்ளைகளில் சிலர் அந்தச் சிவப்பு வண்டிகளில் ஏறட்டும். 11 வயதிலிருந்து 15 வரை உள்ளவர்களுக்கு இளையோர் பிரிவுகள் சில ஊர்ப்படைகளில் உண்டு. 16 வயது முதல் தொண்டராகச் சேரலாம். தீக்கு முன் நிற்பது மட்டும் அல்ல. வானொலித் தொடர்பு, கணக்கு, ஊரில் விளக்கிச் சொல்வது என்று பல பணிகள் இருக்கின்றன. படிப்பு கெடும் என்று பயப்படும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அயலானை நேசி என்பதை ஞாயிறு பள்ளியில் எங்களுக்குக் கற்றுக் கொடுத்தது நீங்கள்தான். நம் வீட்டைக் காக்க யாரோ ஒருவருடைய மகன் ஊதியமில்லாமல் வருகிறான். நம் வீட்டிலிருந்தும் ஒருவர் போவதுதானே நியாயம்?

2019 டிசம்பர் 31ஆம் தேதி காலை, மல்லக்கூட்டா என்ற கடலோர ஊரில் வானம் இருண்டது. சாலை அடைபட்டு, விடுமுறைக்கு வந்தவர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் கடற்கரையோரம் ஒதுங்கினார்கள். சில நாட்களில் கடற்படைக் கப்பல் வந்துதான் பலரை ஏற்றிச் சென்றது. அன்றிரவு நாம் ஆண்டிறுதி ஆராதனையில் அவர்களுக்காக ஜெபித்தோம். நல்லதுதான். ஆனால் அவர்களைப் போல நாமும் ஒருநாள் விடுமுறைக்குப் போன ஊரில் மாட்டிக்கொள்ளலாம் என்று அன்று நினைக்கவில்லை.

முகாமைக் குறித்து கமிட்டி அடுத்த வாரம் கூடுகிறது. சில மூப்பர்கள் எங்களோடு இருக்கிறார்கள். சிலர் இன்னும் இல்லை. ஆகவே இதை வாசிக்கும் பெற்றோரிடம் ஒன்று கேட்கிறோம். உங்கள் பிள்ளையின் பெயரை முகாமுக்குக் கொடுக்குமுன், அந்தக் குழாய் வேலைக்காரர் எங்களிடம் கேட்ட மூன்று கேள்விகளை எங்களிடம் கேளுங்கள். எங்களால் பதில் சொல்ல முடியாவிட்டால் பெயரைக் கொடுக்காதீர்கள். பதில் சொன்னால், அதே கேள்விகளை அன்றிரவு உங்கள் வீட்டிலும் கேட்டுப் பார்த்துவிட்டு, குடும்ப ஜெபம் செய்யுங்கள்.

கர்த்தர் நம் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
வாலிபர் ஐக்கியத்தார்