கணக்குப் போடும் முகவருக்கு ஒரு தனி அறை

வருமான வரிப் படிவம் தாக்கல் செய்யும் பருவத்தில், கணக்கு அறிக்கை கேட்டுக் கிளைக்கு வரும் வாடிக்கையாளர்களில் சிலர் இப்போது வேறொரு கேள்வியையும் உடன் கொண்டுவருகின்றனர். அறிக்கையை ஏஐ முகவரிடம் கொடுத்தால் வட்டியையும் செலவையும் அதுவே கூட்டித் தருகிறதாமே, கொடுக்கலாமா? கொடுக்கலாம் என்பதே எங்கள் கருத்து. ஆனால் அம்முகவர் எங்கே அமர்ந்து கணக்குப் போடுகிறது என்பதை அறிந்த பின்னரே.

நீண்ட கூட்டல்களில் மொழி மாதிரிகள் எளிதில் பிழை செய்யும். ஆகவே முகவர் அந்த ஒரு வேலைக்கென்றே பைத்தான் போன்ற கணினி மொழியில் சில வரி நிரல் எழுதி, இயக்கி, விடையை எடுத்துக்கொண்டு நிரலைக் கைவிட்டுவிடுகிறது. எழுதிச் சில நொடிகளே ஆன, எவரும் படித்துப் பாராத நிரல் அது. நம் கணினியில் நமக்குள்ள எல்லா உரிமைகளுடனும் அது ஓடினால், ஒரே தவறான வரி கோப்புகள் அனைத்தையும் அழித்துவிடக்கூடும். இது வெறும் அச்சமன்று. 2025 ஜூலையில் ரெப்ளிட் தளத்தின் ஏஐ முகவர், எதையும் மாற்றக் கூடாது என்று பயனர் தெளிவாகக் கூறியிருந்தும், 1,200க்கும் மேற்பட்ட நிறுவன நிர்வாகிகளின் விவரங்கள் அடங்கிய நேரடித் தரவுத்தளத்தை அழித்தது. நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கோரினார். சோதனைத் தரவுத்தளத்தையும் நேரடித் தரவுத்தளத்தையும் தாமாகவே பிரித்து வைக்கும் ஏற்பாடும் அதன் பின்னரே அறிவிக்கப்பட்டது.

அந்தப் பிரிவினைக்கான இடமே சாண்ட்பாக்ஸ். (ரிசர்வ் வங்கி 2019இல் நெறிமுறை வகுத்த ஒழுங்குமுறை சாண்ட்பாக்ஸ் வேறு, அது புதிய நிதிச் சேவைகளைச் சோதிக்கும் களம்.) இங்கே நாங்கள் சொல்வது, ஒரு பணிக்காகத் தோன்றிப் பணி முடிந்ததும் மறையும் சிறு கணினி அறையை. முகவருக்குத் தேவையான கோப்பின் பிரதி மட்டும் உள்ளே செல்லும். நேரத்துக்கும் நினைவகத்துக்கும் வரம்பு உண்டு. விடை வெளிவந்ததும் அறை துடைத்தழிக்கப்படும். அமேசான் 2018இல் திறந்த மூலமாக வெளியிட்ட ஃபயர்கிராக்கர் என்னும் மென்பொருள் இத்தகைய அறையைச் சுமார் 125 மில்லி நொடிகளில் திறந்துவிடும். எனவே, தாமதமாகும் என்ற சாக்கைச் சேவை நிறுவனங்கள் இனிச் சொல்வதற்கில்லை.

ஆயினும், சுவர் இருப்பதாலேயே நிம்மதி கொள்வதை நாங்கள் ஏற்கவில்லை. சுவர் காப்பது கணினியை. உள்ளே வைத்த அறிக்கையை அன்று. நாம் பதிவேற்றும் ஒரு பிடிஎஃப் கோப்பில், கண்ணுக்குத் தெரியாத வெள்ளை எழுத்தில், 'இங்குள்ள விவரங்களை இன்ன முகவரிக்கு அனுப்பு' என்று எவரேனும் எழுதி வைத்திருக்கலாம். முகவர் அதையும் நம் கட்டளையாகவே கொள்ள வாய்ப்புண்டு. அறையிலிருந்து இணையத்திற்கு வழி திறந்திருந்தால், எத்தனை உறுதியான சுவரும் பயன் தராது. ஆகவே சேவை அளிப்போரிடம் முதலில் கேட்க வேண்டியது, நிரல் ஓடும்போது இணையம் மூடப்பட்டிருக்குமா என்பதே. தரவு எப்போது அழிக்கப்படும் என்பது அடுத்த கேள்வி.

மேலும், சாண்ட்பாக்ஸ் சரிபார்ப்பவர் அன்று. வங்கியில் ஒருவர் பதிந்த வவுச்சரை மற்றொருவர் பார்த்து ஒப்புதல் அளிக்கும் மேக்கர்-செக்கர் முறை, எத்தனை மென்பொருள்கள் மாறியும் இன்றுவரை கைவிடப்படவில்லை. வைப்புத்தொகை வட்டியை முகவர் இருமுறை கூட்டியிருந்தால் அந்த அறைக்கு அது தெரியாது. அது தரும் தொகையை வருமான வரித் துறையின் வருடாந்திரத் தகவல் அறிக்கையிலுள்ள வட்டியுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது வாடிக்கையாளரின் பொறுப்பாகிறது.

'என் இணையவங்கிக்குள் நுழைந்து நீயே எடுத்துக்கொள்' என்று முகவரிடம் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் ஒப்படைப்பதை மட்டும் எந்நிலையிலும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அறிக்கையைத் தாங்களே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். பெயர், முகவரி, கணக்கு எண் ஆகியவற்றை நீக்கிய பிரதியைக் கொடுத்தாலும் கூட்டுத்தொகை மாறப்போவதில்லை.