விதைநெல் தீருமுன் வேண்டும் நிவாரணம்

நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் அகப்படவில்லை என்னும் குறை இன்று கிராமந்தோறும் கேட்கப்படுகிறது. சர்க்கார் செலவில் நடைபெறும் வேலைகளே இதற்குக் காரணமென்றும், ஏரிக்கரையில் மண் வெட்டப் போகிறவர்கள் வயலுக்கு அழைத்தால் வருவதில்லையென்றும் நிலவுடையோர் பலர் கூறுகின்றனர். இக்குறை முற்றிலும் ஆதாரமற்றதன்று. பருவம் தவறிய நடவு மகசூலைக் குறைக்கும். முற்றிய கதிர் அறுப்பாரின்றி நின்றால் மணி உதிரும். ஆயினும், இதை மட்டும் கொண்டு நிவாரண வேலையே கூடாதெனத் தீர்ப்புச் சொல்லுமுன், அவ்வேலை எதன்பொருட்டு ஏற்பட்டது, அது இல்லாத காலத்தில் கிராமத்துக்கு நேர்ந்தது யாது என்பவற்றைச் சீர்தூக்கிப் பார்த்தல் அவசியமாகும்.

பசி ஒரு குடும்பத்தை ஒரே நாளில் அழிப்பதில்லை, படிப்படியாகவே அழிக்கிறது. மழை பொய்த்தவுடன் முதலில் ஒரு வேளை உணவு குறைகிறது. அடுத்துக் கடன் வாங்கப்படுகிறது. பின்னர் வீட்டுப் பாத்திரங்களும் ஆடு கோழிகளும் விலையாகின்றன. அதன் பின்னரே உழவு மாடு சந்தைக்குப் போகிறது. ஊரிலுள்ளோர் அனைவரும் ஒரே காலத்தில் மாட்டை விற்பதால் மாட்டின் விலை விழுகிறது. தானியத்தின் விலையோ ஏறுகிறது. ஆகவே இரண்டு மாடு விற்றவனுக்கு இரண்டு மாத உணவும் கிடைப்பதில்லை. கடைசியாக விதைநெல்லையும் குற்றி உண்டு, குடும்பம் ஊரைவிட்டு வெளியேறுகிறது. மறு வருஷம் நல்ல மழை பெய்தாலும் உழுவதற்கு ஏரில்லை, விதைப்பதற்கு விதையில்லை, நடுவதற்கு ஆளில்லை. பாத்திரம் விற்கும் நிலையில் கிடைக்கும் சிறு கூலி ஒரு குடும்பத்தை நிலைநிறுத்தும். விதைநெல் தீர்ந்தபின் கொடுக்கப்படும் பெருந்தொகையும் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது. எனவே நிவாரணத்தின் பயன் அதன் அளவை மட்டுமன்றி, அது வந்து சேரும் காலத்தையும் பொறுத்தது.

இவ்வுண்மையைச் சென்னை மாகாணம் மிகுந்த விலை கொடுத்தே கற்றது. 1876 முதல் 1878 வரை நேர்ந்த தாது வருஷப் பஞ்சத்தில் தென்னிந்தியாவிலும் அதை அடுத்த பகுதிகளிலும் மாண்டவர்கள் 50 லட்சத்துக்குக் குறையமாட்டார்கள் எனக் கணக்கிடப்படுகிறது. அக்காலத்திலும் நிவாரண வேலைகள் இல்லாமலில்லை. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அப்பஞ்சத்தில் வெட்டப்பட்டதேயாகும். ஆனால் செலவைச் சுருக்கும் நோக்கத்தோடு 1877-ம் வருஷத் தொடக்கத்தில் ஸர் ரிச்சர்ட் டெம்பிள் ஏற்படுத்திய கூலித் திட்டத்தின்படி, ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவுமே அளிக்கப்பட்டன. மண் வெட்டி உழைப்பவனுக்கு இது போதாதென மாகாணச் சுகாதாரக் கமிஷனரான டாக்டர் கார்னிஷ் வற்புறுத்தினார். பின்னர் அவ்வருஷத்திலேயே கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. மெலிந்த உடல்களை நோய் பற்றிக்கொண்டது.

இதன் பின் நியமிக்கப்பட்ட பஞ்சக் கமிஷன் 1880-ம் வருஷத்தில் தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது. அதைத் தழுவி மாகாணந்தோறும் பஞ்ச விதிகள் வகுக்கப்பட்டன. தானிய விலை ஏறுதல், கடன் கிடைக்காமை, ஜனங்கள் கூட்டமாக ஊர்விட்டு ஊர் அலைதல், சில்லறைத் திருட்டுக்கள் மிகுதல் ஆகியவற்றைப் பஞ்சத்தின் முன்னறிகுறிகளாகக் கொண்டு கவனிக்க வேண்டுமென்பதும், ஐயமிருப்பின் சோதனை வேலைகளைத் திறந்து எத்தனை பேர் வருகின்றனர் என்று பார்க்க வேண்டுமென்பதும், உழைக்க இயலாதவர்களுக்கு வேலை வாங்காமலே உதவி அளிக்க வேண்டுமென்பதும் அவ்விதிகளின் சாரமாகும். இவற்றுக்கெல்லாம் அடிப்படை கிராம அதிகாரி அனுப்பும் உண்மையான தகவலே என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

எனினும் இவ்விதிகளுக்கு ஒரு பெருங்குறை இருந்தது. அவை அதிகாரிகளுக்குச் சர்க்கார் இட்ட கட்டளைகளேயன்றி, பசித்தவன் கேட்டுப் பெறக்கூடிய உரிமையல்ல. 1943-ம் வருஷத்தில் வங்காளத்தில் அக்குறை வெளிப்பட்டது. பஞ்சம் ஏற்பட்டுள்ளதென விதிகளின்படி அங்கே அறிவிக்கப்படவேயில்லை. விசாரணைக் கமிஷன் 1945-ல் மதிப்பிட்டபடியே மாண்டவர் 15 லட்சம். பிற்காலத்து ஆராய்ச்சியாளர் பலர் 30 லட்சம் வரை கூறுகின்றனர். நிலமற்ற கூலியாட்களும் மீன் பிடிப்போருமே முதலில் வீழ்ந்தனர். லட்சக்கணக்கான சிறு குடியானவர்கள் தங்கள் நெல் வயல்களை விற்றனர். அறைக்குள் இருக்கும் விதி வயலிலிருப்பவனைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுவதில்லை.

இதற்கு மாறான சான்று மகாராஷ்டிரத்தில் கிடைத்தது. 1970 முதல் 1973 வரை அங்கே மழை தொடர்ந்து பொய்த்தது; 1972-ல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. ஆனால் வேலைகள் முன்னதாகவே ஏராளமாகத் திறக்கப்பட்டன. 1973-ம் வருஷம் மே மாதத்தில் ஏறத்தாழ 50 லட்சம் பேர் அவ்வேலைகளில் இருந்தனர். வங்காளத்தில் நேர்ந்ததைப் போன்ற பேரழிவு அங்கே நேரவில்லை. சட்டமன்ற மேல்சபைத் தலைவராயிருந்த வி. எஸ். பாகே என்பவர் 1965-ல் சாங்கிலி ஜில்லாவின் தாஸ்காவ் தாலுகாவில் சோதித்துப் பார்த்த முறையே, வேலை உறுதித் திட்டமாக விரிந்து, 1977-ல் சட்டமாகியது. கேட்பவனுக்கு வேலை கொடுப்பது சர்க்காரின் கடமையென அச்சட்டம் விதித்தது. அதன் செலவில் ஒரு பகுதி பட்டணத்தில் தொழில் செய்வோர்மீது விதிக்கப்பட்ட வரியிலிருந்து வந்தது. அங்குள்ள நிலவுடையோர் இத்திட்டத்தை எதிர்க்காமல் ஆதரித்தமைக்கும் காரணமுண்டு. வரப்புக் கட்டுதல், கிணறு தோண்டுதல், ஊருணிகளை ஆழப்படுத்துதல் முதலியவற்றின் பயன் அவர்கள் நிலத்துக்கே சேர்ந்தது. கோடையில் ஊர் கலையாமையால் மழை வந்தபோது ஆட்களும் அருகிலேயே இருந்தனர்.

இந்தப் பாடம் இந்தியாவோடு நிற்பதன்று. ஆப்பிரிக்காவிலுள்ள எத்தியோப்பியாவில் வருஷந்தோறும் பசி முற்றியபின் வெளிநாடுகளிடம் தானியம் வேண்டிப் பெறுவதே நெடுங்கால வழக்கமாயிருந்தது. தானியம் வந்து சேருமுன் மாடுகள் விலையாகிவிடும். 2005-ல் அம்முறை மாற்றப்பட்டு, ஏறத்தாழ 50 லட்சம் பேருக்கு, வருஷத்தில் ஆறு மாதம் தவறாமல் பணமோ தானியமோ அளிக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. அதற்கீடாக அவர்கள் மலைச்சரிவுகளில் கல்வரப்புக் கட்டி மண்ணரிப்பைத் தடுக்கின்றனர். உழைக்க இயலாத குடும்பங்களுக்கு உதவி மட்டும் அளிக்கப்படுகிறது. இவ்வேலைகள் பெரும்பாலும் ஜனவரி முதல் ஜூன் வரை, அதாவது பெருமழைக்கால விவசாயம் மும்முரமாகுமுன் நடைபெறும்படி அமைக்கப்பட்டன. கூலி காலத்தில் சேர்ந்தவிடத்தில் பயன் மிகுந்தும், தாமதித்தவிடத்தில் குறைந்தும் காணப்பட்டன.

இந்தியா முழுவதுக்குமான வேலை உறுதிச் சட்டம் 2005-ல் இயற்றப்பட்டு, 2006-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் 200 ஜில்லாக்களில் அமலுக்கு வந்து, 2008-ல் எங்கும் பரவியது. கிராமக் குடும்பம் ஒன்றுக்கு வருஷத்தில் 100 நாள் வேலை என்றும், வேலை செய்த 15 நாட்களுக்குள் கூலி என்றும் அது விதித்தது. 2025-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அதற்குப் பதிலாக வேறு சட்டம் இயற்றப்பட்டது. புதிய சட்டம் 100 நாளை 125 நாளாக உயர்த்தியது. விதைப்பு, அறுவடைக் காலங்களில் வருஷத்துக்கு 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கவும் இடமளித்தது. நிலவுடையோரின் குறைக்கு இது ஒரு பதில் என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்பதில் நன்மையாவதும் தீமையாவதும் அதைக் கையாளும் முறையைப் பொறுத்ததாகும்.

தஞ்சைப் பகுதியின் பருவம் இராமநாதபுரத்தின் பருவமன்று. ஆற்றுப்பாசனமுள்ள ஊரில் குறுவைக்கும் சம்பாவுக்கும் ஆள் தேவைப்படும் மாதங்கள் வேறு. வானம் பார்த்த பூமியில் புரட்டாசியில் விதைத்து மாசிக்குள் அறுத்தபின், ஆவணி வரை வயலில் வேலையே இராது. இரண்டுக்கும் ஒரே தேதியில் வேலையை நிறுத்துவது பொருந்தாது. மேலும், மழை பொய்த்த வருஷத்தில் நடவுமில்லை, அறுப்புமில்லை. அவ்வருஷத்திலும் நாட்காட்டியைப் பார்த்து வேலையை நிறுத்தினால், வயலுக்கும் ஆள் தேவைப்படாது. ஏரிக்கரையிலும் கூலி கிடைக்காது. பசி முதற்படியில் காலெடுத்து வைக்கும் அந்த இரண்டு மாதங்களே மாடு விலையாகும் மாதங்கள். ஆகையால் சாகுபடி நடைபெறாத கிராமத்தில் நிறுத்தம் தானாகவே நீங்கும்படி செய்தல் வேண்டும். இதுவே நியாயம், நிலவுடையோரின் நன்மையும் இதுவே.

ஆள் குறைவுக்கு நிவாரண வேலை ஒன்றே காரணமெனக் கொள்வதும் பொருந்தாது. பட்டணத்துக் கட்டிட வேலையும் ஆலைகளும் வாலிபரை இழுக்கின்றன. பிள்ளைகள் பள்ளிக்கூடம் செல்கின்றனர். தமிழ்நாட்டில் இவ்வேலைக்கு வருவோரில் பெரும்பாலோர் பெண்கள். வயது முதிர்ந்தோரும் அவர்களில் பலர். ஏரிக்கரை வேலையை நிறுத்திவிட்டால் மட்டும் பட்டணம் சென்ற வாலிபன் மண்வெட்டியுடன் திரும்பி வந்துவிடமாட்டான்.

இவ்விஷயத்தில் கிராம அதிகாரிகள் செய்யத்தக்கவை சில உள. எந்த வேலை அவசியமென்பதை மழை பொய்த்தபின் யோசிப்பதைவிட, வரத்துக்கால், மதகு, கண்மாய்க்கரை ஆகியவற்றின் பழுதுகளைப் பட்டியலிட்டு முன்னரே சித்தமாக வைத்திருத்தல் வேண்டும். வேலைக்கு வராதவர் பெயரைச் சேர்ப்பதும், வந்தவர் பெயரை விடுவதும் ஒத்த குற்றங்களாகும். கூலிக் கணக்கு ஒரு நாள் மேஜைமீது தங்கினால் ஓர் அடுப்பு ஒரு நாள் எரியாமல் போகும். உழைக்க இயலாத முதியோருக்கும் விதவைகளுக்கும் மண்வெட்டியைக் காட்டுவது நிவாரணமன்று. 1962-ல் சென்னை ராஜ்யத்தில் தொடங்கிய முதியோர் உதவித்தொகையும் அதன் பின் வந்த பிற உதவிகளும் அவர்களுக்கு உரியவை. அவ்விண்ணப்பங்களைத் தேடிச் சென்று வாங்குதலே கடமை.

நிலவுடையோர் செய்யத்தக்கது, கிராம சபைக்குச் சென்று தங்கள் ஊரின் நடவு, அறுப்பு நாட்களை எடுத்துரைத்து, எந்த வேலை எப்போது நடைபெற வேண்டுமென்பதில் கலந்துகொள்வதாகும். வேலை கூடாது என்று வெளியே நின்று சொல்வதால் ஒரு வண்டி வண்டலும் ஏரியிலிருந்து வயலுக்கு வராது. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டுமென்பதை உழவனுக்கு ஒருவர் கற்பிக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் விதைநெல் இருக்கும்போதே செய்யும் உதவி, அடுத்த பருவத்தில் தன் வயலில் நடவு நடைபெறுவதற்கான முன்னேற்பாடுமாகும்.