நமக்கு ஏது ஹோம் கிரவுண்ட்?

ஐந்து ரன்னில் தோற்றோம். சீசன் முடிகிற நேரம், பள்ளிக்கூடம் திறக்க ஒரு வாரம்தான் இருந்தது. பத்து ஓவர், டென்னிஸ் பந்து, அரையிறுதி. திருவண்ணாமலையிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர். பெயர் வேண்டாம். ஒரு ஊரை மட்டும் திட்டிவிட்டு மற்ற ஊர்களை நிம்மதியாகத் தூங்கவிட எங்களுக்கு விருப்பமில்லை.

அன்று இரவே டீம் வாட்ஸ்அப் குழுவில் விசாரணை தொடங்கிவிட்டது. கேட்ச் விட்ட தம்பியை ஆளாளுக்கு வறுத்தெடுத்தார்கள். பிராக்டீஸ் பத்தவில்லை, கேப்டன் சரியில்லை என்று போய்க்கொண்டிருந்தபோது, எங்களோடு அம்பேத்கர் வாசிப்பு வட்டத்தில் உட்காருகிற ஒரு தோழர் எழுதினார்: "தோத்தா தோத்தோம்னு ஒத்துக்கணும். எல்லாத்துலயும் சாதியக் கொண்டு வராதீங்க." அந்த ஒரு வரிக்குத்தான் இந்தப் பதில்.

தோழர், கொண்டு வந்தது யார்? நாங்கள் ஒரு பெயர் கொடுத்துத்தான் நுழைவுக் கட்டணம் கட்டினோம். மைக்கில் வந்தது "காலனி டீம்". மற்ற டீம்களுக்கெல்லாம் பெயர் இருந்தது. தண்ணீர் கேன் நமக்கு மட்டும் தனியாக வந்தது, பேப்பர் கப்போடு. இதையெல்லாம் நம் பிள்ளைகள் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. பழகிவிட்டது. நம்மை உண்மையில் கோபப்படுத்த வேண்டியது இந்தப் பழக்கம்தான்.

அந்த மைதானத்தின் ஒரு பக்கம் மாரியம்மன் கோயில். பவுண்டரி கோயில் மேடையை ஒட்டி இருந்தது. அதற்குப் பத்துப் பதினைந்து அடி முன்னால் ஒரு வேப்பமரம். ஆட்டம் தொடங்கும் முன் அம்பயர் நம் கேப்டனைத் தனியாகக் கூப்பிட்டு, சிரித்துக்கொண்டே சொன்னார்: "மரத்தத் தாண்டிப் போனா நீங்க போகாதீங்க தம்பி, எங்க பசங்க எடுத்துப் போடுவாங்க." அவர்கள் ஃபீல்டிங் செய்தபோது மரத்தைத் தாண்டி ஓடினார்கள், பந்தை நிறுத்தினார்கள். நாம் செய்தபோது மரத்தடியில் நின்று, பந்து கோட்டைத் தொடுவதை வேடிக்கை பார்த்தோம். அப்படி மூன்று பந்து. ஓடியிருந்தால் ஒவ்வொன்றும் இரண்டு ரன்னோடு நின்றிருக்கும், நான்காகப் போனது. மூன்றுக்கும் சேர்த்து ஆறு ரன். தோற்றது ஐந்தில். கேட்ச் விட்டவனை விட்டுவிடுங்கள், கணக்கைப் பாருங்கள்.

கடைசி ஓவர் இன்னும் மோசம். எட்டு ரன் வேண்டும், நம் டீமிலேயே நன்றாக அடிக்கிற பையன் முனையில் நிற்கிறான். எடுத்தது இரண்டு. திரும்பி வரும்போது வேனில் சொன்னான்: "அடிச்சிருக்கலாம்ணா. ஜெயிச்சிட்டா எப்படித் திரும்பி வர்றதுன்னுதான் மண்டைல ஓடிச்சு." யாரும் அவனை மிரட்டவில்லை, யாரும் கை ஓங்கவில்லை. ஆறரை மணி, இருட்டப் போகிறது, ஊர்த் தெருவைத் தாண்டித்தான் வேன் வர வேண்டும். அவ்வளவே போதுமாக இருந்தது. தோற்றோமா, தோற்றுக் கொடுத்தோமா என்று அவனுக்கே தெரியவில்லை.

அவனுடைய பயம் வீண் பயமா? 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே பதினோராம் வகுப்பு படிக்கும் தலித் மாணவர் ஒருவர், தேர்வு எழுதப் பேருந்தில் போகும்போது இழுத்து இறக்கப்பட்டு வெட்டப்பட்டார். கை விரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் ஆதிக்கச் சாதி அணியை வென்றதுதான் காரணம் என்றது குடும்பம். 2023 ஜூனில் குஜராத்தின் பாட்டன் மாவட்டம் காகோஷி கிராமத்தில், கிரிக்கெட் பார்க்கப் போன தலித் சிறுவன் தன் பக்கம் வந்த பந்தைக் கையில் எடுத்துவிட்டான். அதைத் தொடர்ந்த தகராறில் அவன் குடும்பத்தவர் ஒருவரின் கட்டைவிரல் வெட்டப்பட்டது. ஒரு டென்னிஸ் பந்துக்காக. "எங்க பசங்க எடுத்துப் போடுவாங்க" என்ற அந்த அம்பயரின் சிரிப்பையும் காகோஷியின் கத்தியையும் நாங்கள் வேறு வேறாகப் பார்க்கவில்லை.

சரி, தோற்றால் விடுவார்களா? 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் வந்தனா கட்டாரியா. சில நாட்களில் அரையிறுதியில் இந்தியா அர்ஜென்டினாவிடம் தோற்றது. ஹரித்துவார் அருகே ரோஷ்னாபாத்தில் அவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்து ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகமானதால்தான் தோல்வி என்று கத்தினார்கள் எனக் குடும்பம் புகார் கொடுத்தது. மற்றவர்கள் தோற்றால் அது ஒரு ஆட்டத்தின் தோல்வி. நாம் தோற்றால் நம் பிறப்பின் தோல்வி ஆக்கிவிடுகிறார்கள்.

நூறாண்டுக்கு முன்பும் இதே கதைதான். பால்வங்கர் பாலூ புனேயில் வெள்ளைக்காரர் கிளப் மைதானத்தில் புல் வெட்டிப் பராமரிக்கும் வேலையில் இருந்தவர். வலையில் அவர்களுக்குப் பந்து போட்டுப் போட்டே பெரிய சுழற்பந்து வீச்சாளர் ஆனார். வெள்ளையரை ஜெயிக்க வேண்டும் என்பதற்காக இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு வெளியே, தனி மண்குவளை. 1911இல் இந்திய அணி இங்கிலாந்து போய்ப் பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றுத் திரும்பியது. அந்தத் தோற்ற பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர் பாலூ. கேப்டனாகப் போனவர் பாட்டியாலா மகாராஜா. இந்து அணியின் கேப்டன் பதவி பாலூவுக்குக் கடைசி வரை கிடைக்கவே இல்லை. அவர் தம்பி விட்டலுக்கு 1923இல்தான் கிடைத்தது, அதுவும் சகோதரர்கள் ஆட மாட்டோம் என்று ஒருமுறை முரண்டு பிடித்த பிறகு. (இதே பாலூ 1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக அண்ணல் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார். அதை மறைக்க வேண்டியதில்லை. நம் நாயகர்களை முழுதாகத் தெரிந்துகொள்வோம்.)

'லப்பர் பந்து' படத்தை மூன்று முறை பார்த்துக் கைதட்டிய தம்பிகள், வேப்பமரத்தடியில் கைகட்டி நின்றது ஏன் என்று யோசிக்க வேண்டும். நமக்குச் சொந்தமாக மைதானம் இல்லை. சேரியில் வீட்டுக்கு வீடு இடைவெளியே மூன்றடி. அறுவடை முடிந்த அவர்கள் நிலத்தில், அவர்கள் சம்மதத்தில், அவர்கள் விதியில் ஆடுகிறோம். நாம் ஆடுகிற ஒவ்வொரு ஆட்டமும் வெளியூர் ஆட்டம்தான். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் அரசு கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் அறிவித்தது. நல்ல திட்டம். எங்களுக்குத் தெரிந்த ஓர் ஊராட்சியில் அந்தப் பொருள்கள் இருக்கும் அறையின் சாவி ஊர்த் தெருவில் ஒரு வீட்டு ஆணியில் தொங்குகிறது. சேரிப் பையன் போய்க் கேட்டால் "சாவி வச்சிருக்கவரு வெளியூரு போயிருக்காரு." எப்போது கேட்டாலும் வெளியூர்தான்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது, படித்த தோழர்களே. அரசியல் சட்டத்தின் 15(2) பொது இடங்களைப் பற்றித் தெளிவாகப் பேசுகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், கோயிலிலும் பொதுப் பொழுதுபோக்கு இடத்திலும் நம்மைத் தடுப்பதைக் குற்றம் என்கிறது. இதே மாவட்டத்தில், தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூரில் 2023 ஜனவரி 30 அன்று நம் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். மாவட்ட ஆட்சியர் கூட வந்தார், ஊரெங்கும் போலீஸ் நின்றது. அதுவரை பல பத்தாண்டுகள் வெளியில்தான். கோயிலுக்குள் போக அத்தனை போலீஸ் வேண்டியிருந்த மாவட்டத்தில், கோயில் பக்கம் உருண்ட பந்தை எடுக்கப் பதினேழு வயதுப் பையன் தனியாகப் போக வேண்டும் என்று நாங்களும் சொல்லவில்லை. ஆனால் அந்த விதியை அம்பயர் சொன்னபோது, அங்கிருந்த பெரியவர்கள் நாங்கள் நான்கு பேர். "அப்படியானால் இரண்டு டீமுக்கும் மரமே பவுண்டரி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேட்ச் விட்டது அந்தத் தம்பி மட்டுமில்லை.

புறம்போக்கு நிலத்தில் எல்லாருக்கும் பொதுவான மைதானம், உபகரண அறைச் சாவி ஊராட்சி அலுவலகத்தில். இந்த இரண்டைக் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கப் போகிறோம். தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்குவது கேட்ச் விட்ட அதே தம்பிதான். நேற்று இரவு வரை நாற்பத்தாறு. வாட்ஸ்அப்பில் அவனைத் திட்டியவர்களில் ஏழு பேர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.