தள்ளிப் போடுங்க பாஸ்!

அசைன்மென்ட்டா? நாளைக்கு. ரெக்கார்டு நோட்டா? அடுத்த வாரம். அரியர் பேப்பரா? அடுத்த செமஸ்டர்ல பார்த்துக்கலாம்... தள்ளிப் போடுறதுல நம்மளை அடிச்சுக்க ஆள் கிடையாது! இந்த வாரம் உங்களோட அந்தத் திறமைக்கு ஒரு உருப்படியான வேலை வெச்சிருக்கேன். அதுக்கு முன்னாடி, காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல நடந்த ஒரு சின்ன விஷயம்.

நான் அப்போ காலேஜ் ரெண்டாம் வருஷம். அமுச்சியை (அம்மாவோட அம்மாவை எங்க ஊர்ப் பக்கம் இப்படித்தான் கூப்பிடுவோம்) கோயமுத்தூர்ல டாக்டர்கிட்ட காட்டிட்டு ஊருக்குத் திருப்பிக் கூட்டிட்டுப் போறேன். ஜன்னலோரம் சீட் பிடிச்சு உட்கார வெச்சாச்சு. வெளிய பூக்காரம்மா, வெள்ளரிக்காய்க்காரர், 'சத்தி... சத்தி'ன்னு கத்துற கண்டக்டர்னு வழக்கமான கூத்து. அமுச்சி மெதுவா என் கையைத் தொட்டுக் கேட்டாங்க.

"ஏங்கண்ணு, இந்த பஸ்ஸு எங்க போகுது?"

"அன்னூருக்குங்க அமுச்சி."

"அன்னூர்ல நமக்கு ஆரு இருக்கறாங்க?"

அம்பது வருஷமா அவங்க குடியிருக்கிற ஊர் அது! முதல்ல சிரிச்சுட்டேன். கிண்டல் பண்றாங்கன்னு நினைச்சேன். முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்னு போச்சு. நிஜமாவே பதில் தெரியாமத்தான் கேட்டிருக்காங்க. கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டப்ப எனக்கும் ஊர் பேர் வாயில வரலை.

அமுச்சிக்கு நாற்பத்தஞ்சு வயசுக்குள்ளேயே சர்க்கரை வந்துடுச்சு. எங்க வீட்டைப் பொறுத்தவரை அது 'காபிக்குச் சர்க்கரை போடக் கூடாத' ஒரு வியாதி. அவ்வளவுதான். கல்யாண வீட்டுல மட்டும் ஒரு ஒப்புட்டுக்கு லீவு. கண்ணு, கிட்னி, கால் புண்ணு பத்தியெல்லாம் டாக்டருங்க பயமுறுத்தியிருக்காங்க. மூளையைப் பத்தி யாரும் பேசினதா ஞாபகமில்லை. மறதி வந்தப்பகூட 'வயசாச்சுல்ல' என்று விட்டுட்டோம். அப்புறம் பார்த்த ஒரு டாக்டர்தான் சொன்னார்: 'இதுதான் காரணம்னு ஒண்ணை மட்டும் கை காட்ட முடியாது தம்பி. ஆனா, முப்பது வருஷச் சர்க்கரைக்கும் இதுல பங்கு இருக்கலாம்.'

அந்தப் 'பங்கு' எவ்வளவுங்கிறதுதான் மேட்டர்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். டிமென்ஷியா என்பது நினைவும் யோசிக்கிற திறனும் தேய்ந்து, அன்றாட வேலையே தடுமாறிப் போகிற நிலைக்குப் பொதுப் பெயர். அதில் பெரும்பங்கு அல்சைமர். 1906-ல் அலோய்ஸ் அல்சைமர் என்கிற ஜெர்மன் டாக்டர், இறந்துபோன தன் நோயாளியின் மூளையைச் சோதிச்சுச் சொன்ன நோய், அதனால அவர் பேரு. அந்த மூளையில் வேண்டாத புரதங்கள் திட்டுத் திட்டாய்ப் படிஞ்சு கிடந்தது. இந்தியாவில் இப்போ 60 வயசு தாண்டினவங்கள்ல சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கும்னு 2023-ல் வெளியான ஒரு ஆய்வு கணக்குப் போட்டிருக்கு.

சரி, சர்க்கரை எங்கே வந்தது இதுல?

லண்டன்ல அரசு ஊழியர்கள் 10,000 பேருக்கு மேல, 1985-லிருந்து விடாமக் கவனிச்சுட்டு வர்றாங்க. ஒயிட்ஹால் ஆய்வுன்னு பேரு. அதோட ஒரு முடிவு 2021-ல் வந்தது. எழுபது வயசுல நிக்கிற ரெண்டு பேரை எடுத்துக்குவோம். ஒருத்தருக்குச் சர்க்கரையே இல்லை. இன்னொருத்தருக்குச் சர்க்கரை வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. அவருக்குப் பின்னாடி டிமென்ஷியா வர்ற வாய்ப்பு ரெண்டு மடங்கு. சரி, அறுபத்தஞ்சுக்கு அப்புறம்தான் சர்க்கரை வந்ததுன்னா? பெரிசா வித்தியாசமே தெரியலை! அமெரிக்காவில் 2023-ல் வந்த இன்னொரு ஆய்வும் இதே பாட்டைத்தான் பாடுது. அறுபதுக்கு முன்னாடி சர்க்கரை வந்தவங்களுக்கு டிமென்ஷியா ஆபத்து ஏறக்குறைய மூணு மடங்கு. எண்பதுக்கு மேல வந்தவங்களுக்குக் கூடுதல் ஆபத்து எதுவும் தெரியலை.

திருப்பி ஒரு தடவை படிங்க. சர்க்கரை வருமா வராதாங்கிறது பாதிக் கேள்விதான். எத்தனை வயசுல வருதுங்கிறதுதான் மீதிப் பாதி. இதைத்தான் தள்ளிப் போடச் சொல்றேன்!

ஏன் இப்படின்னு முழுசாத் தெரிஞ்சுடலை. தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன். மூளையோட எடை நம்ம உடம்புல ரெண்டு சதவீதம்தான். ஆனா, மொத்தச் சக்தியில அஞ்சுல ஒரு பங்கை அதுவே சாப்பிட்டுடும். அதுக்குத் தீனி கொண்டுபோறது மயிரிழையைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள். வருஷக்கணக்கா ரத்தத்துல சர்க்கரை ஏறியே கிடந்தா, கண்ணுலயும் கிட்னியிலயும் கெடுற மாதிரியே மூளையிலயும் அந்தக் குழாய்கள் கெட ஆரம்பிக்கும்.

இன்னொண்ணு, இன்சுலின். இது கணையத்துல சுரந்து, சர்க்கரையை செல்லுக்குள்ள அனுப்பற சாவி. பூட்டு துருப்பிடிச்ச மாதிரி ஆனா, உடம்பு இன்னும் இன்னும் சாவி செஞ்சுக்கிட்டே இருக்கும். வேலை முடிஞ்ச இன்சுலினை உடைச்சுத் தள்ள ஒரு நொதி இருக்கு. அல்சைமர் மூளையில படியுற அமிலாய்டு புரதத்தை உடைக்கிற வேலையையும் அதே நொதி பார்க்குது. கிராஸ்கட் ரோட்டையும் நூறடி ரோட்டையும் கூட்ட ஒரே ஒரு ஆளை விட்டா எப்படி இருக்கும்? தீபாவளிக்கு மறுநாள் கிராஸ்கட்டுலயே அவர் பொழுது போயிடும். நூறடி ரோட்டுக் குப்பை அப்படியே கிடக்கும். இன்சுலின் எக்கச்சக்கமானா அமிலாய்டு இப்படித்தான் தேங்குதோன்னு விஞ்ஞானிகளுக்கு ஒரு சந்தேகம். சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை.

இங்க ஒரு பிரேக். சர்க்கரை இருக்கிற எல்லாருக்கும் அல்சைமர் வரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வயசு, மரபணு, ரத்தக்கொதிப்பு, சிகரெட், காது கேளாமைன்னு லிஸ்ட் பெரிசு. 2024-ல் லான்செட் குழு, நாம மாத்த முடிஞ்ச 14 காரணங்களைச் சொன்னது. அதுல சர்க்கரையும் ஒண்ணு. பதினாலையும் சரி பண்ணினா டிமென்ஷியாவில் 45 சதவீதம் வரை தவிர்க்கவோ தள்ளிப் போடவோ முடியலாம்னு அவங்க கணக்கு. 'இதைத் தின்னா அல்சைமர் வரவே வராது'ன்னு பொடி விக்கிறவங்க கணக்கு வேற!

அல்சைமர்ல, அறிகுறி தெரியறதுக்குப் பதினஞ்சு இருபது வருஷம் முன்னாடியே மூளைக்குள்ள படிவு ஆரம்பிச்சுடுது. எழுபதுல ஊர் பேர் மறக்கிறவருக்கு அம்பதுலயே வேலை தொடங்கியாச்சுன்னு அர்த்தம். அந்த அம்பதுல யார் இருக்கா? உங்க அப்பா, அம்மா!

"எல்லாம் சரி பாஸ், தள்ளிப் போட முடியுமா?"ன்னு கேக்கறீங்களா... முடியும். சென்னையிலயே நிரூபிச்சிருக்காங்க. டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு நடத்தின இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, 2006-ல் வெளியானது. சர்க்கரை நோய்க்கு ஒரு படி முன்னாடி நின்னுட்டிருந்த 531 பேர். சும்மா விட்ட குழுவில் மூணே வருஷத்துல 55 சதவீதம் பேர் சர்க்கரைக்காரர் ஆயிட்டாங்க. தினமும் அரை மணி நேரம் வேகமா நடந்து, சாப்பாட்டையும் திருத்திக்கிட்ட குழுவில் 39 சதவீதம். மாத்திரை கொடுத்த குழுவிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். நடையோட மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தா இன்னும் குறையுமான்னு பார்த்தாங்க. குறையலை! அரை மணி நேர நடை மாத்திரைக்குச் சமமா நின்னிருக்கு. ('அப்ப மாத்திரையை நிறுத்திடலாமா'ன்னு வீட்டுல யாராவது கேட்டா, டாக்டரைக் கேக்காம ஒண்ணும் செய்யக் கூடாதுன்னு அடிச்சுச் சொல்லிடுங்க.)

இன்னொரு கூத்தும் கேளுங்க. அதே குழு, 537 ஆண்களை எடுத்து, பாதிப் பேருக்கு செல்போன்ல எஸ்.எம்.எஸ். அனுப்பிச்சு. 'நடந்தீங்களா', 'எண்ணெயைக் குறைங்க' டைப் மெசேஜ்தான். ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தா, மெசேஜ் வந்தவங்கள்ல 18 சதவீதம் பேருக்குச் சர்க்கரை, வராதவங்கள்ல 27 சதவீதம். 2013-ல் வந்தது இந்த முடிவு. நாம ராத்திரி பூரா மெசேஜ் தட்டி என்னத்த சாதிச்சோம்னு அன்னிக்கு ஒரு நிமிஷம் யோசிச்சேன்.

இது யாரோ பணக்கார வீட்டுக் கதைன்னு நினைக்க வேண்டாம். 2023-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி. சர்க்கரைக்கு முந்தின படியில் நிக்கிறவங்க 13.6 கோடி. தமிழ்நாட்டில் பெரியவங்கள்ல நூத்துக்குப் பதினாலு பேருக்கு மேல சர்க்கரை. ஒரு டவுன் பஸ் நிறைய பெரியவங்க இருந்தா, அதுல ஏழெட்டுப் பேர்!

"நான் ஒல்லிப்பிச்சான், எனக்கென்ன?" கடைசி பெஞ்சுலேர்ந்து ஒரு குரல் வருது. புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யூட்கினும் சேர்ந்து எடுத்துக்கிட்ட ஒரு போட்டோ 2004-ல் லான்செட்டில் வந்தது. ரெண்டு பேருக்கும் உயரத்துக்கேத்த எடைக் கணக்கு அச்சு அசலா ஒண்ணு, 22.3. உடம்புக் கொழுப்பு? வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மாளுக்கு 21.2! ஒல்லியாத் தெரியற இந்தியன் உள்ளுக்குள்ள ஒல்லி இல்லை. அதனால எடை மெஷினை நம்பாம, தையற்காரர் டேப்பை எடுங்க.

சென்னை டாக்டர் வி.மோகன் குழு 2005-ல் ஒரு மார்க் கணக்கு கொடுத்தது. ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம். வயசு 35-க்குள்ள இருந்தா 0, 49 வரை 20, அதுக்கு மேல 30. இடுப்புச் சுற்றளவு, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80-ம் தாண்டினா 10. அதுலேர்ந்து இன்னும் 10 சென்டிமீட்டர் கூடினா 20. உடற்பயிற்சியும் இல்லை, வேலையும் உட்கார்ந்தபடின்னா 30. ரெண்டுல ஒண்ணு இருந்தா 20. நல்லா உழைச்சு, பயிற்சியும் செய்றவங்களுக்கு 0. அப்பா, அம்மாவில் ஒருத்தருக்குச் சர்க்கரைன்னா 10, ரெண்டு பேருக்கும்னா 20. கூட்டுங்க. 60-ம் அதுக்கு மேலயும் வந்தா ஆபத்து அதிகம், உடனே டெஸ்ட். 30-லேர்ந்து 50 வரை நடுத்தரம். அரியர் வைக்க முடியாத ஒரே பேப்பர் இது, இங்க மார்க் குறைஞ்சாத்தான் பாஸ்!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபது வயசுப் பையன், இடுப்பு 92, காலேஜ், பஸ், செல்போன், தூக்கம், அப்பாவுக்குச் சர்க்கரை. 0 + 10 + 30 + 10. ஆக 50. இருபது வயசுலயே இன்னும் பத்து மார்க்தான் பாக்கி! வயசு 35 ஆகிற அன்னிக்கு, ஒண்ணுமே செய்யாம, பிறந்தநாள் கேக்கோட சேர்ந்து 20 மார்க் இலவசமா வந்து 70 ஆயிடும். அப்பாவை மாத்த முடியாது. வயசை நிறுத்த முடியாது. பாக்கி இருக்கிறது அந்த 30-ம் அந்த 10-ம்தான்.

அந்த 30-க்கு வருவோம். நடக்கறப்ப ஒரு தமாஷ் நடக்குது. தசை வேலை செய்யறப்போ இன்சுலின் சாவிக்குக் காத்திருக்காம, ரத்தத்துல இருக்கிற சர்க்கரையைத் தானே இழுத்துக்கும். துருப்பிடிச்ச பூட்டுக்குப் பின்வாசல் வழி! அதனாலதான் சாப்பிட்ட பின்னாடி பத்துப் பதினஞ்சு நிமிஷ நடைக்கு அத்தனை மதிப்பு. ஜிம்முக்குக் காசு இல்லைன்னு சாக்கு சொல்ல முடியாது. காந்திபுரத்துல இறங்கி அடுத்த பஸ்ஸுக்கு முண்டியடிக்கிறதுக்குப் பதிலா, ரெண்டு ஸ்டாப் நடந்துடுங்க. டிராஃபிக் இருக்கிற இருப்புக்கு, பஸ்ஸை முந்திக்கூடப் போயிடலாம்.

அப்புறம் பேக்கரி. கோயமுத்தூர்க்காரன்கிட்ட பேக்கரியை விடச் சொல்றது, மீனைத் தண்ணியை விட்டு வரச் சொல்ற மாதிரி. நானும் விடலை. ஆனா, கணக்குத் தெரிஞ்சுக்கிட்டேன். ஒரு டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரைன்னா சுமார் 10 கிராம். நாளைக்கு மூணு டீ, 30 கிராம். நாள் முழுக்கச் சேர்த்தே 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுங்குது உலக சுகாதார நிறுவனம். இதுல தேங்காய் பன்னும், பஃப்ஸும், சாயங்காலம் தள்ளுவண்டிக் காளானும் (அதுல காளான் எங்க இருக்குன்னு இன்னும் தேடிட்டிருக்கேன், முட்டைக்கோசும் மைதாவும்தான் கிடைக்குது) சேரலை. 'சர்க்கரை கம்மி'ன்னு மாஸ்டர்கிட்ட சொல்லிப் பாருங்க. முதல் வாரம் கஷாயம் மாதிரி இருக்கும். ரெண்டாவது வாரம் பழகிடும். கம்பு, ராகிக்கு மாறினா எல்லாம் சரியாயிடும்னும் ஏமாற வேண்டாம். களி உருண்டை மூணு உள்ள போனா அதுவும் மாவுதான். அரிசிம்பருப்பு சாதத்துல அரிசியைக் குறைச்சுப் பருப்பைக் கூட்டுங்க, பக்கத்துல கொள்ளுப் பொரியல் வெச்சுக்குங்க. நம்ம ஊர் சமையலே போதும்.

இதை எழுதறதுக்கு முன்னாடி எங்க அம்மாவுக்கு மார்க் போட்டேன். அமுச்சியோட மகளாச்சே! 70 வந்தது. "எனக்கென்ன கண்ணு, மாடி ஏறி எறங்கறேன், துணி தொவைக்கறேன்"ன்னு ஒரு வாரம் இழுத்தாங்க. ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாவே பார்ப்பாங்கன்னு சொன்னப்புறம்தான் சம்மதிச்சாங்க (இலவசம்னா எங்க அம்மா எங்க வேணா வருவாங்க!). வெறும் வயித்துல 108. நூறுக்குள்ள இருக்கணும், 126-ஐத் தொட்டா சர்க்கரை நோய். நடுப்படியில நிக்கிறாங்க.

இப்போ காலையில ஆறு மணிக்கு வ.உ.சி. மைதானத்துல ரெண்டு பேரும் நடக்கறோம். முட்டி வலிக்குதுன்னு திட்டிக்கிட்டேதான் வர்றாங்க. மூணாவது ரவுண்டுல, அமுச்சி வீட்டுல எந்தெந்த மாட்டுக்கு என்ன பேர்னு சொல்ல ஆரம்பிச்சாங்கன்னா நாலாவது ரவுண்டு முடியறதே தெரியாது. மூணு மாசம் கழிச்சு அடுத்த டெஸ்ட். ரிசல்ட் வந்ததும் சொல்றேன். உங்க வீட்டு மார்க் என்ன?