நாளம் அகப்படாதவர்களுக்கு

இரத்தம் எடுக்கவோ சேலைன் ஏற்றவோ போனால் நாலைந்து இடத்தில் குத்திய பிறகே நாளம் அகப்படுகிறது என்று எம்மவர் பலர் குறைப்படுவதுண்டு. குத்துபவருக்கு முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்துதான் கையைக் காட்டுவோம்!

கீமோதெரபி, உடற்பருமன், உடலில் நீர் வற்றுதல் போன்றவற்றால் நாளங்கள் சுருங்கியோ ஆழத்தில் மறைந்தோ போகலாம். இங்கே பிரித்தானிய வைத்தியசாலைகள் பலவற்றில் இதற்கு வழி உண்டு. கர்ப்பிணிகளுக்குப் பிள்ளையைக் காட்டும் அதே அல்ட்ராசவுண்ட் ஸ்கான்தான். கையில் ஜெல் பூசிக் கருவியை வைத்தால் நாளம் திரையில் கறுத்த வட்டமாகத் தெரியும். அழுத்தினால் நாளம் நசியும். நாடி இலேசில் நசியாது, துடித்துக்கொண்டிருக்கும். ஊசி நுனி உள்ளே போவதையும் பார்த்தே செலுத்துவர். கதிர்வீச்சுப் பயமில்லை. கழுத்து நாளத்தில் குழாய் வைப்பதற்கு இதைப் பயன்படுத்தும்படி நைஸ் நிறுவனம் 2002 இலேயே பரிந்துரைத்தது.

ஆனால் எல்லாத் தாதியரும் இதில் பயிற்சி பெற்றவர்களல்லர். ஆகவே முதல் ஊசிக்கு முன்பே, நாளம் பிடிப்பது கஷ்டம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டு தடவை தவறினால், 'அல்ட்ராசவுண்ட்' தெரிந்தவரை அழைக்கும்படி கேட்கலாம். அது மரியாதைக் குறைவல்ல. மொழி தடையென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், கட்டணமில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையை மறித்துக் கூட்டிப்போக வேண்டாம்.

சிறுநீரகம் பழுதடைந்து வருபவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று: பின்னர் டயாலிசிஸ் செய்ய நேர்ந்தால் கை நாளங்கள் நல்ல நிலையில் தேவைப்படும். இயன்றவரை புறங்கையிலேயே குத்தும்படி கேளுங்கள்.