காலகேயர்களுக்காக அழுவது யார்?



ஊத்தங்கரையில் ஞாயிறுதோறும் நாங்கள் கூடும் படிப்பு வட்டத்தில் சென்ற மாதம் ஒரு வாரம் புத்தகம் எதையும் திறக்கவில்லை. ஒரு தம்பி சொன்ன ஒரே ஒரு சொல்லைப் பற்றி மூன்று மணி நேரம் பேசினோம். தம்பி ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் உடன் வேலை செய்கிறவர்கள் அவனைக் கூப்பிடுவது 'காலகேயா' என்று. எட்டாம் வகுப்பில் ஒட்டிய பெயர் அது. பள்ளி முடிந்து, ஐடிஐ முடிந்து, இப்போது முதல் ஷிப்ட் பஸ் வரைக்கும் கூடவே வருகிறது. "சாதிப் பேரச் சொன்னா வன்கொடுமைச் சட்டத்துல கேஸ் குடுக்கலாம். இதுக்கு என்னண்ணா பண்றது?" என்று கேட்டான். எங்களிடம் உடனடியாகப் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான எங்கள் முயற்சி.

2015 ஜூலை 10 அன்று வெளிவந்த 'பாகுபலி' படத்தை நம்மில் பார்க்காதவர்கள் குறைவு. அதன் தமிழ் வசனத்தில் அருந்ததியர் மக்களை இழிவுபடுத்தும் ஒரு சாதிச் சொல் இடம்பெற்றது. நம் இயக்கங்கள் எதிர்த்தன. வசனம் எழுதியவர் விளக்கமும் வருத்தமும் தெரிவித்தார். அந்த எதிர்ப்பு சரியானது, தேவையானது. ஆனால் இன்று திரும்பிப் பார்த்தால் ஒன்று உறைக்கிறது. காதில் விழுந்த சொல்லை எதிர்த்த நாம், கண்ணில் விழுந்த உருவத்தை எதிர்க்கவில்லை. சொல் அடங்கிவிட்டது. உருவம் எங்கள் தம்பியின் பெயராகி பஸ்ஸில் பயணம் செய்கிறது.

அந்தப் போர்க்காட்சியை மறுபடியும் போட்டுப் பாருங்கள். இந்த முறை கதையைக் கவனிக்காதீர்கள். நிறத்தையும் உடையையும் மட்டும் கவனியுங்கள். மகிழ்மதிப் படை வரிசையாக நிற்கிறது. கவசம் மின்னுகிறது, கொடி பறக்கிறது, திரிசூல வியூகம் வகுக்கிறார்கள். எதிரே காலகேயர் படை வரிசையின்றி, கறுப்பு அலைபோலப் புரண்டு வருகிறது. மை பூசிய உடல், சடை பிடித்த முடி, கறை படிந்த பல், எலும்பும் தோலும் தொங்கும் உடை. மகிழ்மதியின் ஒவ்வொரு முகத்துக்கும் வெளிச்சம் விழுகிறது. காலகேயர் பக்கம் தலைவன் ஒருவனைத் தவிர மற்றவர்களுக்கு முகம்கூட இல்லை, பெயர் எங்கே இருக்கப் போகிறது? அவர்களுக்காக மதன் கார்க்கி 'கிளிக்கி' என்று ஒரு மொழியையே உருவாக்கினார். நூற்றுக்கணக்கான சொற்களும் இலக்கணமும் கொண்ட மொழி. ஆனால் அரங்கில் அது மொழியாகக் கேட்கவில்லை. நாக்கைச் சொடுக்கும் ஓசையாகத்தான் கேட்டது. மொழி இருந்தும் பேச்சு இல்லாதவர்களாக அவர்களை நிறுத்தியது அந்த உருவம்தான்.

இதில் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது பல்வாள்தேவனின் தேர். அதன் முன்னால் சுழலும் கத்திகள். அது காலகேயர்களை அறுத்துக்கொண்டு போகும்போது அரங்கில் விசில் பறந்தது. காலகேயர்கள் பிணையாகப் பிடித்து முன்னால் நிறுத்திய குடிமக்கள்மீது அதே தேர் ஏறும்போது அரங்கு பதறியது. பாகுபலியோ கயிறுகளை வீசி அந்த மக்களைக் கீழே சாய்த்துக் காப்பாற்றுகிறான். எதிரித் தலைவனைக் கொல்பவனுக்கே அரியணை என்று சொன்ன சிவகாமி, தலைவனைக் கொன்ற பல்வாள்தேவனுக்குக் கொடுக்காமல், மக்களைக் காத்த பாகுபலிக்குக் கொடுக்கிறாள். ஆக, உயிரின் மதிப்பு என்னவென்று படத்துக்குத் தெரியாமல் இல்லை. யாருடைய உயிருக்கு மதிப்பு என்பதை அது பிரித்து வைத்திருக்கிறது. அந்தப் பிரிவை வசனமாக யாரும் சொல்லவில்லை. நிறமும் முடியும் உடையும் சொல்லிவிட்டன. கத்தி ஒன்றுதான், தேர் ஒன்றுதான். அழவா, விசிலடிக்கவா என்பதை மட்டும் மேக்கப் முடிவு செய்தது.

"வில்லன் என்றால் கொடூரமாகத்தானே காட்டுவார்கள், இது கற்பனைதானே" என்று நண்பர்கள் கேட்பார்கள். சரி, பல்வாள்தேவனும் வில்லன்தான். அவனுக்கு அரண்மனை உண்டு, தாய் உண்டு, பொறாமை உண்டு, பிரம்மாண்டமான பொற்சிலை உண்டு. சிவந்த மேனி வில்லனுக்கு மனசு கிடைக்கிறது. கறுத்த மேனி எதிரிக்குக் கிடைப்பதெல்லாம் ஒரு கூட்டம், ஓர் ஓசை, ஒரு நாற்றம். ஒருவன் செய்த குற்றத்தால் வில்லனாகிறான், இன்னொருவன் பிறந்த பிறப்பால் வில்லனாகிறான். பிறப்பால் தீர்ப்பெழுதும் இந்தக் கணக்கை நாம் வேறெங்கோ படித்திருக்கிறோம் அல்லவா?

பெயரும் புதிதல்ல. மகாபாரதத்தில் காலகேயர்கள் கடலுக்குள் ஒளிந்துகொள்ளும் அசுரர்கள். அகத்தியர் கடலையே குடித்து வற்றச் செய்ய, தேவர்கள் அவர்களைக் கொன்றார்கள் என்பது கதை. அசுரக் கதைகளை வென்றவர்கள் எழுதிய வரலாறாகத் திருப்பி வாசிக்க 1873இலேயே 'குலாம்கிரி' எழுதி வழிகாட்டினார் மகாத்மா பூலே. நம் மண்ணில் அயோத்திதாசப் பண்டிதர் புராணங்களைக் கவிழ்த்துப் படித்தார். அவர்கள் சொல்லை அப்படிப் படித்தார்கள். படத்தை அப்படிப் படிப்பது நம் தலைமுறையின் வேலை.

இது இந்தியாவின் நோய் மட்டுமல்ல. '300' என்ற அமெரிக்கப் படம் 2007இல் திரைக்கு வந்தபோது, பாரசீகர்களை முகமூடி அணிந்த அரக்கர்களாகக் காட்டியதாக ஈரானியர்கள் உலகம் முழுவதும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்களுக்கென்று ஒரு நாடு இருந்தது, தூதரகங்கள் இருந்தன. காலகேயர்களுக்கு எந்தத் தூதரகம்?

தமிழில் வேறு மாதிரியும் செய்து பார்த்திருக்கிறார்கள். 2010 பொங்கலுக்கு வந்த செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்திலும் கரி பூசிய, பசியில் ஒட்டிய உடல்கள் இருட்டில் கூட்டமாக வருகின்றன. முதலில் பயமுறுத்துகின்றன. பிறகு துப்பாக்கியும் சீருடையுமாக ஒரு படை வந்து அவர்களைச் சிதைக்கும்போது, காட்டுமிராண்டி யார் என்ற கேள்வி நம் பக்கம் திரும்புகிறது. முள்ளிவாய்க்கால் முடிந்து ஓராண்டுகூட ஆகாத காலம். அரங்கில் பலர் அதைத்தான் பார்த்தார்கள். ஆனால் ஒன்றை மறந்துவிட வேண்டாம். அந்தக் கறுத்த உடல்களுக்காக நாம் அழுதது அவர்கள் சோழர்கள் என்பதால். கண்ணீருக்கும் ஓர் அரச வம்சம் தேவைப்பட்டது.

அரச வம்சம் இல்லாதவர்களின் கதை நமக்கு வெகு அருகில் இருக்கிறது. எல்லையைத் தாண்டினால் கோலார் தங்கவயல். வட ஆர்க்காட்டிலிருந்தும் பழைய சேலம் மாவட்டத்திலிருந்தும் போன நம் மக்கள் பூமிக்குள் இறங்கித் தோண்டிய மண் அது. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. 2018இல் அந்தப் பெயரிலேயே 'கேஜிஎஃப்' என்று ஒரு கன்னடப் படம் வந்து நாடெங்கும் ஓடியது. அதில் சுரங்க மக்கள் கரி அப்பிய அடிமைக் கூட்டம். ஒரு நாயகன் வந்து மீட்கும் வரை அவர்களுக்குச் செயல் இல்லை. உண்மையான தங்கவயலில் என்ன நடந்தது? அதே தொழிலாளர்கள் மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் கட்டினார்கள். சித்தார்த்தா புத்தகசாலை நடத்தி அயோத்திதாசரின் எழுத்துகளை அச்சிட்டார்கள். பண்டிதர் மறைந்த பின் நின்றுபோன 'தமிழன்' இதழை 1920களில் அப்பாதுரையார் அங்கிருந்து மறுபடியும் கொண்டுவந்தார். அச்சு மை படிந்த அந்தக் கைகளில் திரைப்படம் பார்த்தது கரியை மட்டும்தான்.

இந்த இடத்தில்தான் 2024 ஆகஸ்ட் 15 அன்று வந்த பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' முக்கியமாகிறது. மாயமும் போரும் ரத்தமும் அதிலும் உண்டு. உடல்கள் அதிலும் கறுத்து, மண் அப்பி, கந்தலாக இருக்கின்றன. ஆனால் கேமரா தள்ளி நின்று கூட்டமாகப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முகத்துக்கும் பக்கத்தில் போய் நிற்கிறது. சேற்றில் கிடக்கும் உடலுக்குப் பசி, கிண்டல், காமம், கனவு எல்லாம் இருக்கின்றன. தங்கலான் கோட்டும் சூட்டுமாகக் குதிரையில் ஊர் திரும்பும் காட்சியையும், அவன் கொண்டுவந்த ரவிக்கைகளைப் பெண்கள் முதன்முதலாகப் போட்டுப் பார்த்துப் பூரிக்கும் காட்சியையும் நினைத்துப் பாருங்கள். அங்கே உடை அலங்காரமாக வரவில்லை, உரிமையாக வந்தது. அந்தப் படத்திலும் எங்களுக்குக் குறை உண்டு. நிறத்தைக் கொண்டாடும் படத்திலும் நட்சத்திரங்களுக்குக் கறுப்புப் பூசத்தான் வேண்டியிருந்தது. பூசாமலே கறுப்பாக இருப்பவர்கள் பின்வரிசையில் நின்றார்கள். இது ஒரு இயக்குநரின் குறை இல்லை, ஒரு தொழில்துறையின் குறை.

உடைக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்று கேட்பவர்கள் பக்கத்து மாவட்டத்தை நினைத்துப் பார்க்கட்டும். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி சேரிகள் எரிக்கப்பட்டன. அந்த நாட்களில் தமிழ்நாட்டு மேடைகளில் நம் பையன்கள்மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டு என்ன? ஜீன்ஸ் போடுகிறார்கள், டீ-ஷர்ட் போடுகிறார்கள், கூலிங் கிளாஸ் மாட்டுகிறார்கள், பெண்களை மயக்குகிறார்கள். கந்தலில் வந்தால் காலகேயன், ஜீன்ஸில் வந்தால் ஏமாற்றுக்காரன். இரண்டு கதையிலும் அவன் வருவது 'நம் பெண்களை' நோக்கித்தான். சினிமாவில் அந்தப் பயம் போர்க்களமாகிறது, ஊரில் தீயாகிறது. கூட்டத்துக்கு முகம் இல்லை என்று பழகிவிட்ட கண்ணுக்கு, எரியும் வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கத் தோன்றாது.

நம் பகுதியில் இதற்கு நேர்மாறான ஒரு பழைய மரபும் இருக்கிறது. சிங்காரப்பேட்டை தாண்டிச் செங்கம் பக்கம் போனால் வயல்வரப்பிலும் புளியமரத்தடியிலும் நடுகற்கள். மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல்லில் கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவனுடைய நாயும் நிற்கிறது. கள்ளர் இருவரைக் கடித்த அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அந்தக் கள்ளர்களுக்கு மட்டும் பெயர் இல்லை. எதிரியின் பெயரை விட்டுவிடுவது அன்றே இருந்த வழக்கம்தான். ஆனாலும் ஒரு முழுக் கல் அளவு இடத்தில் நாய்க்கும் பெயர் எழுத முடிந்தது. கோடிக்கணக்கில் செலவழித்த திரையில் ஆயிரக்கணக்கான மனிதர்களுக்கு அது கிடைக்கவில்லை.

இனி நம்மைப் பற்றி. ஏப்ரல் 14க்கு நாம் பிளக்ஸ் அடிக்கிறோம். கடைக்காரர் கணினியில் வைத்திருக்கும் மாதிரியில் மகிழ்மதி அரியணை இருக்கிறது, சிங்கம் இருக்கிறது, வாள் இருக்கிறது. அதில் நம் பையன்களின் படங்களை ஒட்டுகிறோம். "மூஞ்சியக் கொஞ்சம் பிரைட் பண்ணுங்கண்ணா" என்று நாமே சொல்கிறோம். அண்ணலின் முகத்தையும் ரோஜா நிறமாக்கி வைக்கிறோம். நம்மைக் காலகேயனாக்கிய அதே அரியணையில் ஏறி உட்கார ஆசைப்படுகிறோம். அரியணைக்கு வெளியே ஒரு படம் நமக்கு ஏற்கெனவே இருக்கிறது: நீலக் கோட்டு, கையில் புத்தகம், நீட்டிய விரல். வாளே இல்லாத அந்த ஒரு உருவத்துக்கு எத்தனை ஊர்களில் கூண்டு போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதன் பலம் புரியும்.

தோழர்களே, படம் பார்க்காதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. நாங்களும் விசிலடித்தவர்கள்தான். அடுத்த போர்ப் படத்துக்குப் போகும்போது சில கேள்விகளையும் பையில் எடுத்துப் போங்கள். வெளிச்சம் யார் முகத்தில் விழுகிறது? யாருக்குப் பெயர் இருக்கிறது? யார் செத்தால் இசை நிற்கிறது, யார் செத்தால் இசை ஏறுகிறது? நம்மைப் போல் இருப்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார்? பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள், விடுதி அறையில் விவாதியுங்கள், குறும்படம் எடுக்கிறவர்கள் உங்கள் பக்கத்து வீட்டு முகங்களை அவற்றின் நிறத்திலேயே எடுங்கள்.

தம்பியின் கேள்விக்குச் சட்டத்தில் நேரடியான பதில் இன்னும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஞாயிறு கிளம்பும்போது அவன் ஒன்று கேட்டான். வரும் ஏப்ரல் பிளக்ஸை அவனே முன்நின்று அடிக்கட்டுமா என்று. ஒரே ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டோம்: யார் முகத்தையும் வெளுக்கக் கூடாது.

ஜெய்பீம்.